எல் கார்மென், வலென்சியா: இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு பழைய பேட்டை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கும் வலென்சியா நகரத்தில், எல் கார்மென் என்ற பழைய பேட்டையில், மூன்றாம் மாடி அறை ஒன்றில் ஒரு குளிர்காலம் முழுக்கக் குடியிருந்தேன். அதற்கப்புறம் அந்த ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எல் கார்மென் சரியாக எங்கே இருக்கிறது? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

பழைய நகரத்தின் வடமேற்கு மூலையில். வரைபடத்தில் எல்லை தேடுவதைவிட இரண்டு மதில்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் மதில் 11-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட முஸ்லிம் அரசர்கள் கட்டியது. அதற்குள் ஊர் கொள்ளாமல் வெளியே வழிய ஆரம்பித்தது. 1356-ல், அப்போது வலென்சியாவை ஆண்ட அரகோன் அரசர் நான்காம் பேத்ரோ வெளியே வழிந்த ஊரையும் சேர்த்து வளைத்து இன்னொரு பெரிய மதில் எழுப்பச் சொன்னார். பழைய மதிலுக்கு வெளியே, புதிய மதிலுக்கு உள்ளே என்று வடமேற்கில் மாட்டிக்கொண்ட நிலம்தான் எல் கார்மென்.

வெளி மதிலை 1865-ல் இடித்துவிட்டார்கள். வேலையில்லாமல் இருந்தவர்களுக்குக் கூலி கொடுக்க அது ஒரு வழியாகவும் இருந்தது. மதில் இருந்த தடத்தில் இப்போது கில்யெம் தெ காஸ்த்ரோ சாலை வளைந்து போகிறது. அந்தச் சாலையைக் குறுக்கே கடந்தால் பேட்டைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வடக்கே தூரியா ஆறு எல்லை. ஆறு என்று சொன்னாலும் அதில் தண்ணீர் கிடையாது. அந்தக் கதை கீழே வருகிறது.

அந்தப் பெயர் எப்படி வந்தது?

கார்மலைட் சபைக் கிறிஸ்தவத் துறவிகள் 1281-ல் இங்கே ஒரு மடம் அமைத்தார்கள். அவர்கள் பெயரே பேட்டைக்கு ஆகிவிட்டது. உள்ளூர் மொழியான வலென்சியானோவில் எல் கார்மெ என்பார்கள். மடம் இன்றும் நிற்கிறது, துறவிகள்தான் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அரசு மடங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தியபோது அவர்கள் வெளியேற, கட்டடம் அருங்காட்சியகமாகவும் ஓவியப் பள்ளியாகவும் ஆனது. இப்போது அது சென்த்ரே தெல் கார்மெ என்ற கலை மையம். உள்ளே போகக் காசு இல்லை. கோத்திக் பாணியில் ஒன்று, மறுமலர்ச்சிக் காலப் பாணியில் ஒன்று என இரண்டு முற்றங்கள் இருக்கின்றன. வெயில் நேரத்தில் அந்தத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதற்காகவே நான் பல தடவை போயிருக்கிறேன். அங்கே என்ன கண்காட்சி நடந்தது என்று கேட்டால் பாதிக்குமேல் நினைவில்லை.

தெருக்கள் ஏன் இவ்வளவு குழப்பமாக வளைகின்றன? கூகுள் வரைபடமே தடுமாறுகிறதே?

யாரும் திட்டம் போட்டு அமைத்த தெருக்கள் இல்லை இவை. 1238-ல் அரகோனின் கிறிஸ்தவ அரசர் முதலாம் ஹைமே வலென்சியாவைக் கைப்பற்றினார். அப்புறம் அங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம்களை உள்மதிலுக்கு வெளியே ஒரு தனிக் குடியிருப்பில் வைத்தார்கள். மொரேரியா என்று பெயர். இன்றைய எல் கார்மெனின் ஒரு பகுதி அது. 1400 வாக்கில் அந்தக் குடியிருப்புக்கும் கிறிஸ்தவ நகரத்துக்கும் இடையே பழைய மதிலில் ஒரு வாசல் திறந்தார்கள். வால்திக்னா வாசல் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்க, நடுவே ஒரு வளைவு, அவ்வளவுதான். படம் எடுக்க நிற்பவர்கள் அதிகம். ஆனால் 1455-ல் நகரத்து மக்கள் திரண்டு வந்து மொரேரியாவைத் தாக்கிச் சூறையாடினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு அந்த வளைவுக்குக் கீழே நின்றால் அது அழகான மூலையாக மட்டும் தெரியாது.

அதே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1474-ல் கன்னி மரியாவைப் புகழும் கவிதைத் தொகுப்பு ஒன்றை அச்சடித்த அச்சகம் இங்கே இருந்ததாகச் சொல்கிறது. ஸ்பெயினில் அச்சான முதல் இலக்கிய நூல் அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

தெருப் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். பலவும் தொழில்களின் பெயர்கள். பிளாங்கெரியாஸ் என்றால் தோல் பதனிட்டவர்கள் இருந்த இடம். நாற்றம் பிடித்த வேலை, தண்ணீரும் வேண்டும் என்பதால் அவர்களை ஆற்றோரமாக வைத்திருக்கிறார்கள். பொல்செரியா பணப்பை தைத்தவர்களின் தெரு. மேலத் தெரு, கீழத் தெரு என்றே பொருள்படும் இரண்டு நீளத் தெருக்களும் உண்டு. வழி தவறினால் அந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், எங்காவது வெளியே கொண்டுவந்து விடும்.

உள்மதிலை இப்போது பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் தேட வேண்டும். அதை யாரும் முறையாக இடிக்கவில்லை. வீடுகள் அதை விழுங்கிவிட்டன. முதுகுச் சுவரைக் கட்டும் செலவு மிச்சம் என்று மதில்மேலேயே சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஆன்ஹெல் சதுக்கத்தில் ஒரு கோபுரத்தின் மிச்சம் நிற்கிறது. தொசால் சதுக்கத்துக்குக் கீழே ஒரு சின்னத் தொல்லியல் கூடத்தில் இன்னொரு துண்டு. வெளி மதிலின் ஒரு துண்டு வேண்டுமென்றால், 1989-ல் திறந்த இவாம் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. பிக்காசோ காலத்துச் சிற்பிகளைப் பார்க்கப் போய், 14-ஆம் நூற்றாண்டுக் கல்லையும் பார்த்துவிட்டு வரலாம்.

செர்ரானோஸ் கோபுரம், குவார்ட் கோபுரம் இரண்டில் எதில் ஏறுவது?

வெளி மதிலை இடித்தபோது தப்பிப் பிழைத்த வாயில்கள் இவை இரண்டும்தான். இரண்டும் சிறைச்சாலையாகப் பயன்பட்டதால் தப்பின. இடித்தால் கைதிகளை எங்கே வைப்பது?

ஒன்றுதான் என்றால் செர்ரானோஸ். 1392 முதல் 1398 வரை பேரே பலகேர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. ஆற்றுப் பக்கம் இருந்து பார்த்தால் அசைக்க முடியாத கோட்டை. ஊர்ப் பக்கம் வந்து பார்த்தால் முதுகே இல்லை! அறைகள் எல்லாம் திறந்தபடி, பொம்மை வீட்டைப் பாதியாக வெட்டிவைத்தது போல இருக்கும்.

இந்தக் கோபுரத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கதை உள்நாட்டுப் போர்க் காலத்தது. 1936-ல் தலைநகர் மத்ரீத் மீது குண்டு விழத் தொடங்கியதும் குடியரசு அரசாங்கம் வலென்சியாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்த பிராடோ அருங்காட்சியகத்தின் முக்கியமான ஓவியங்களும் லாரி ஏறி வந்தன. வெலாஸ்கெஸ், கோயா வரைந்தவை எல்லாம் இங்கேதான் பத்திரமாக இருந்தன. குண்டு விழுந்தாலும் ஓவியங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று உள்ளே 90 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்கு நெல் உமியைக் கொட்டினார்கள். மேலிருந்து எது இடிந்து விழுந்தாலும் உமி அதைத் தாங்கிக்கொள்ளும். வலென்சியாவைச் சுற்றிலும் நெல் வயல்கள் என்பதால் உமிக்குப் பஞ்சமில்லை. உலகத்தின் விலைமதிக்க முடியாத ஓவியங்களுக்குக் காவலாக உமி மூட்டை!

குவார்ட் 1441 முதல் 1460 வரை கட்டியது. அதன் வெளிப்பக்கம் முழுக்க அம்மை வடு மாதிரி குழிகள். 1808 ஜூனில் நெப்போலியனின் படை சுட்ட பீரங்கிக் குண்டுகள் பட்ட இடங்கள். ஒட்டுப்போடாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஏறாவிட்டாலும் சாலையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் கவனிக்க: இரண்டிலும் லிஃப்ட் கிடையாது, படிகள் உயரம்.

ஆற்றில் ஏன் தண்ணீர் இல்லை?

1957 அக்டோபர் 14. ஒரே நாளில் இரண்டு தடவை தூரியாவில் வெள்ளம் வந்தது. விடிவதற்கு முன் ஒன்று, மதியவாக்கில் அதைவிடப் பெரிதாக ஒன்று. குறைந்தது 81 பேர் இறந்தார்கள். ஆற்றோரம் தாழ்வாக இருந்த எல் கார்மெனில் கீழ்த்தளங்கள் முழுக்க மூழ்கின. அதற்கப்புறம் அரசாங்கம் ஆற்றையே ஊருக்குத் தெற்கே புதிதாக வெட்டிய வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டது.

சரி, காலியான படுகையை என்ன செய்வது? நெடுஞ்சாலை போடலாம் என்றது அரசு. மக்கள் விடவில்லை. "படுகை எங்களுடையது, அது பச்சையாகத்தான் வேண்டும்" என்பது 1970-களில் அவர்களுடைய முழக்கம். ஜெயித்தது மக்கள்தான். பழைய பாலங்கள் அப்படியே இருக்க, கீழே சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்குத் தோட்டம். பாலத்துக்கு அடியில் மீன் இல்லை, பந்து விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2024 அக்டோபர் 29 வெள்ளத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 220 பேருக்கு மேல் பலிகொண்ட அந்த வெள்ளம் பழைய நகரத்தைத் தொடவில்லை. அன்று தூரியாவின் தண்ணீரைப் புதிய வாய்க்கால் வாங்கிக்கொண்டது. அந்த வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த ஊர்கள்தான் மூழ்கின. ஆற்றங்கரையில் நடக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

எல் கார்மென் விஷயத்துக்கு வருகிறேன். 1957-க்கு அப்புறம் வசதி இருந்தவர்கள் வெளியேறினார்கள். வீடுகள் பாழடைந்தன. வாடகை மலிவானதால் மாணவர்களும் ஓவியர்களும் மதுக்கடைகளும் வந்து சேர்ந்தார்கள். 1992-ல் பழைய நகரத்தைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. இன்று நீங்கள் பார்க்கும் "கலகலப்பான பேட்டை" இந்த வரிசையில் பிறந்தது. ஒரு தெருவில் புதுச் சாயம் பூசிய மாளிகை, பக்கத்திலேயே இடிந்த வீட்டின் காலி மனை.

அந்தக் காலி மனைகளில் தெரியும் சுவரோவியங்கள் யாருடையவை? எங்கே போய்ப் பார்ப்பது?

முகவரி கொடுத்துப் பயனில்லை. நான் போன வாரம் பார்த்த ஓவியத்தின்மேல் இந்த வாரம் வேறொருவர் வரைந்திருப்பார். கண்ணில் அடிக்கடி படுவது கறுப்பு முகமூடி நிஞ்சாக்கள்; தாவித் லிமோன் என்பவரின் கைவேலை. எஸ்கிஃப் என்ற பெயரில் வரைபவர் வண்ணத்தை அளந்து செலவழிப்பார், கிண்டல் மட்டும் தாராளம். பூட்டிய கடைகளின் ஷட்டர்களில்தான் நல்ல படங்கள் இருக்கும். அதனால் கடை திறப்பதற்கு முன்பு, காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போங்கள்.

அப்புறம் பூனை வீடு. மியூசேயோ தெருவில், தரையோடு தரையாக ஒரு குட்டி வீட்டு முகப்பைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். கதவு, சன்னல், ஓட்டுக்கூரை எல்லாம் உண்டு. தெருப் பூனைகள் அந்த ஓட்டை வழியாகப் பின்னால் இருக்கும் தோட்டத்துக்குப் போகலாம். 1094-ல் இந்தப் பேட்டையில் மிஞ்சிய நான்கு பூனைகளின் நினைவாக என்று எழுதியிருக்கும். அவை ஒருபோதும் குரலை உயர்த்திப் பேசியதில்லையாம். 1094 என்பது எல் சித் என்ற படைத்தலைவன் வலென்சியாவைப் பிடித்த ஆண்டு. ஸ்பானிய மொழியில் "நான்கு பூனைகள்" என்றால் ஆளே இல்லாத மாதிரி, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் என்று அர்த்தம். இது தெரியாமல் பார்த்தால் வெறும் விளையாட்டு, தெரிந்து பார்த்தால் சிரிப்போடு கொஞ்சம் வேறு ஏதோ இருக்கிறது.

காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்த இடம் ஏதாவது?

கபல்யேரோஸ் தெருவில் இருந்து ஒரு சந்துக்குள் மறைந்திருக்கும் சான் நிக்கோலாஸ் தேவாலயம். பழைய கோத்திக் கூரையை 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியங்களால் மூடினார்கள். திட்டம் வரைந்தவர் அந்தோனியோ பலோமினோ, தீட்டியவர் அவருடைய மாணவர் தியோனிஸ் விதால். புகையும் அழுக்கும் படிந்து கறுத்துக் கிடந்ததைச் சுத்தம் செய்து 2016-ல் திறந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு இது பார்வையிடும் இடம் மட்டுமில்லை. மூன்று திங்கட்கிழமைகள் வீட்டில் இருந்து வழியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வந்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. திங்களன்று காலையில் உங்களுக்கு வணக்கம் சொல்லாமல் ஒரு பாட்டி கடந்து போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பாடு? இந்த ஊர்ச் சட்டிச் சோறான பயேயா நல்லது எங்கே கிடைக்கும்?

கடைப் பெயர் சொல்ல மாட்டேன், கடைகள் மாறிக்கொண்டே இருக்கும். எதைத் தவிர்ப்பது என்று சொல்கிறேன். வாசலில் பல நிறத்துப் பயேயாக்களின் படப் பலகை வைத்திருந்தால் அது உறைபெட்டியில் இருந்து வருவது. இரவு பத்து மணிக்குப் பயேயா தருகிற இடத்தையும் விட்டுவிடுங்கள். இங்கே அது மதியச் சாப்பாடு. இரண்டு பேருக்குக் குறையாமல்தான் பெரும்பாலும் செய்வார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

உண்மையான வலென்சியப் பயேயாவில் கடல் உணவு இருக்காது. கோழி, முயல், தட்டையான பச்சை அவரை, கர்ரொஃபோ என்ற பெரிய வெள்ளைப் பயறு, சில வீடுகளில் நத்தை. சட்டியின் அடியில் பொன்னிறமாகப் பிடித்துக்கொள்ளும் சோற்றுக்குச் சொக்காராட் என்று பெயர். அதைச் சுரண்டி எடுப்பதற்குத்தான் மேசையில் போட்டி.

இன்னொன்று: காலை பத்து, பத்தரைக்கு ஒரு சாப்பாடு உண்டு. எஸ்மோர்சாரெட். நீளமான ரொட்டிக்குள் நிறைய எதையாவது அடைத்து, பக்கத்தில் நிலக்கடலையும் ஆலிவும் வைத்து, கடைசியில் ரம்மை எரித்துச் செய்யும் காப்பியோடு முடிப்பார்கள். மோசென் சொரெல் என்ற சின்னச் சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். அந்த இடத்தில் இருந்த ஒரு பிரபுவின் அரண்மனை 1878-ல் தீயில் போய்விட்டது. அப்புறம் வந்தது இந்தச் சந்தை.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் "இறைச்சி இல்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. சாலட்டில் சூரை மீன் வரும், கேட்டால் "அது மீன்தானே" என்பார்கள். காய்கறிப் பயேயா கிடைக்கும், வேகவைத்த தண்ணீர் இறைச்சிச் சாறா என்று கேட்டுவிடுங்கள்: "ல்யேவா கால்தோ தெ கார்னே?" முட்டை சாப்பிட்டால் உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லா மதுக்கடைகளிலும் உண்டு.

ஓர்சாத்தா என்பது பாதாம் பாலா?

இல்லை. அது கோரைப் புல் இனத்துக் கிழங்கில் எடுக்கும் பால். ஊருக்கு வடக்கே ஒட்டியிருக்கும் அல்போராயாவில் பயிரிடும் சின்னச் சின்னக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைப்பார்கள். நீளமான ஃபார்டோன் ரொட்டியை முக்கிச் சாப்பிடுவது வழக்கம். முதல் வாயில் மாவுத் தண்ணீர் மாதிரித் தோன்றலாம். எனக்கு மூன்றாவது தடவைதான் பிடித்தது.

அகுவா தெ வலென்சியா என்று கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். "வலென்சியாத் தண்ணீர்" என்று பெயர், உள்ளே ஆரஞ்சுச் சாறோடு காவா என்ற நுரைக்கும் ஒயின், ஜின், வோட்கா. 1959-ல் இந்த ஊர் மதுக்கடை ஒன்றில் பிறந்தது. ஜூஸ் போல இறங்கும், எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

எல் கார்மெனிலேயே தங்கலாமா?

தூக்கம் முக்கியம் என்றால் வேண்டாம். வியாழன் முதல் சனி வரை இரவு இரண்டு மணிக்கும் சன்னலுக்குக் கீழே பேச்சு ஓயாது. குறுகிய தெரு என்பதால் ஒருவர் சிரித்தால் நான்கு மாடிக்கும் கேட்கும். பல பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது. நான் போன முதல் நாள் சக்கரப் பெட்டியைக் கல் பாவிய தெருவில் கடகடவென்று இழுத்துக்கொண்டு வந்தேன்; வீடு வந்தபோது ஒரு சக்கரம் இல்லை.

சுற்றுலா வாடகை வீடுகளால் ஊர்க்காரர்களின் வாடகை ஏறி, பலர் பேட்டையைவிட்டே போக வேண்டியிருக்கிறது. மாடிகளில் தொங்கும் பதாகைகள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான். அதனால் முறையான விடுதியில், தோட்டத்துக்கு அந்தப் பக்கமோ ரயில் நிலையத்துக்கு அருகிலோ தங்கிவிட்டு நடந்து வரலாம் என்பது என் யோசனை.

விமான நிலையத்தில் இருந்து எப்படி வருவது?

மெட்ரோ 3 அல்லது 5. ஏஞ்சல் கிமெரா நிலையத்தில் இறங்கினால் குவார்ட் கோபுரம் நடை தூரம். பேட்டைக்குள் மெட்ரோ கிடையாது. மத்ரீதில் இருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு.

பாதுகாப்பானதா?

பெண்கள் தனியாக இரவில் நடப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். கைப்பேசியைத் தெருவோர மேசைமேல் வைக்காதீர்கள், அது போய்விடும்.

ஃபாயாஸ் திருவிழாவின்போது போகலாமா?

மார்ச் 15 முதல் 19 வரை. பேட்டைக்குப் பேட்டை பிரம்மாண்டமான பொம்மைக் கூட்டங்களைச் செய்து நிறுத்தி, 19-ஆம் தேதி இரவு எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள். எல் கார்மென் ஓரத்தில் நா ஜோர்தானா குழுவின் பொம்மை பெயர்பெற்றது. இந்தத் திருவிழாவை யுனெஸ்கோ 2016-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டாசுச் சத்தம் பிடிக்குமென்றால் அவசியம் போங்கள். கைக்குழந்தையோடு போகாதீர்கள். ஊரை நிதானமாகப் பார்க்க விரும்பினால் ஏப்ரல், மே நல்லது.

ஒரு காலைப் பொழுதுதான் இருக்கிறது. எப்படி நடப்பது?

வியாழக்கிழமையாக இருந்தால் நல்லது. ஒன்பது மணிக்குச் செர்ரானோஸ் வழியாக உள்ளே வாருங்கள், திரும்பிப் பார்த்து அந்த முதுகில்லாத கோபுரத்தைப் பாருங்கள். கார்மென் மடம், பூனை வீடு, மோசென் சொரெல் சந்தையில் எஸ்மோர்சாரெட். அங்கிருந்து மேலத் தெருவைப் பிடித்துத் தொசால் சதுக்கம், பிறகு வால்திக்னா வாசல். பன்னிரண்டு மணிக்குள் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலுக்கு வந்துவிடுங்கள். அது எல் கார்மெனுக்கு வெளியே, ஆனால் நடந்து ஐந்து நிமிடம். வியாழன்தோறும் பன்னிரண்டு மணிக்கு அங்கே, வயல்களுக்குப் பாயும் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கறுப்பு மேலங்கியில் வட்டமாக உட்கார்ந்து தண்ணீர்த் தகராறுகளைத் தீர்ப்பார்கள். பல நூற்றாண்டுகளாக நடக்கும் நீதிமன்றம், எல்லாம் வாய்மொழிதான். யார் பேச வேண்டும் என்று தலைவர் காலை நீட்டிக் காட்டுவார். பெரும்பாலான வாரங்களில் வழக்கே இருக்காது. வாய்க்கால் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் வராவிட்டால் சில நிமிடங்களில் எழுந்து போய்விடுவார்கள். அதனால் பன்னிரண்டு ஐந்துக்கு வந்து எங்கே என்று கேட்காதீர்கள்.